ஞானாம்பாள் வளர்ந்தாளா?

தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் நம் சங்கத்து வினாடி வினாவில் கலந்துகொள்ளும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடப் பட்டென்று 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று சொல்லிவிடும். எழுதியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, வெளிவந்த ஆண்டு 1879. இதெல்லாம் மனப்பாடம். நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் கூட்டத்தில் ஒரு சிறு இருமல் கேட்கும். படித்தவர்களும் பிரதாபனை மறந்துவிட்டு ஞானாம்பாளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஆண் வேடம் பூண்டு நாடாண்ட பெண் அல்லவா! மலர் தவறாமல், மேடை தவறாமல் அவளைப் 'புரட்சிப் பெண்', 'புதுமைப் பெண்ணுக்கு முன்னோடி' என்று பாராட்டி வந்திருக்கிறோம்.

எனக்கும் அவள்மேல் பிரியம் உண்டு. நான் மாயவரத்துக்காரி. வேதநாயகம் பிள்ளை நீதி சொன்ன ஊரில் பிறந்து வளர்ந்து, 1986-ல் கல்யாணமாகி இந்த மல்லாபூருக்கு வந்து சேர்ந்தவள். ஆனால் பிரியம் இருப்பதாலேயே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஞானாம்பாள் வளர்கிறாளா? வயதைக் கேட்கவில்லை. குணத்தில், அறிவில், தன்னைத் தானே தெரிந்துகொள்வதில் ஏதாவது ஒரு படி ஏறுகிறாளா?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் அடுக்ககத்தின் செல்லாரில், கார்கள் வெளியே போன ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். நாச்சாரத்திலிருந்தும் மௌலாலியிலிருந்தும்கூட வருகிறார்கள். வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு, கடையில் ஹைதராபாத் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று நாலு பாஷையில் நீந்துகிற பிள்ளைகள். ஞானாம்பாள் கதையைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, இவங்க ஒரு தடவைகூடத் தப்பே பண்ண மாட்டாங்களா? ஜேன் ஐர் கத்துவா, அழுவா, பொய்கூடச் சொல்லுவா. இவங்க போரடிக்குது ஆன்ட்டி."

பள்ளியில் சுருக்கப் பதிப்பாக 'ஜேன் ஐர்' படித்திருக்கிறாள். 'போரடிக்குது' என்பதை விமர்சனச் சொல்லாக நம் புலவர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, எனக்கு அது சரியான இடத்தில் விழுந்த சொல்லாகத்தான் பட்டது. அன்றைக்கே இரண்டு நூல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஷார்லட் பிராண்டேயின் நாவல். 1847 அக்டோபரில் 'கர்ரர் பெல்' என்ற புனைபெயரில் வெளிவந்தது. எழுதியது ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர். அட்டையில் அதை ஒரு 'சுயசரிதை' என்றே போட்டிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பத்து வயதுப் பெண் அத்தை வீட்டில் கிடந்து அடிபடுகிறாள். அத்தை மகன் புத்தகத்தை அவள்மேல் வீசி அடிக்கிறான். திருப்பி அடிக்கிறாள். தண்டனையாக, மாமா செத்துப்போன சிவப்பு அறையில் பூட்டி வைக்கிறார்கள். பயத்தில் மயங்கி விழுகிறாள். கொஞ்ச நாள் கழித்து, அந்த அத்தை ரீட் அம்மாளின் முகத்துக்கு நேராக நின்று, உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, நீ எனக்குச் செய்ததை எல்லாரிடமும் சொல்லுவேன் என்கிற பொருளில் கொட்டித் தீர்க்கிறாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் சந்தோஷம். அடுத்த கணமே வாயில் கசப்பு. கோபத்தின் ருசி இப்படித்தான் இருக்கும் என்று அவளே கவனிக்கிறாள். பத்து வயதில்!

பிறகு லோவுட் என்ற அனாதைப் பள்ளி. அங்கே ஹெலன் பர்ன்ஸ் என்று ஒரு தோழி. எந்த அடியையும் பொறுத்துக்கொள்கிறவள், மன்னித்துவிடுகிறவள். நம் ஊர்க் கதையாக இருந்தால் ஹெலன்தான் கதாநாயகியாகியிருப்பாள். பிராண்டே அவளைக் காசநோயில் இறக்கவிட்டு, கோபக்காரியை உயிரோடு வைத்துக் கதையை நடத்துகிறார். ஆனால் ஹெலனிடமிருந்து ஜேன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். தனக்கு இழைத்த அநியாயத்தை அடுத்தவரிடம் சொல்லும்போது நிதானமாக, மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும் என்பதை. அப்படிச் சொன்னதால்தான் டெம்பிள் என்ற ஆசிரியை அவளை நம்புகிறார். கோபத்தை விடவில்லை, அதற்குப் பேசத் தெரிய வைத்தாள். வளர்ச்சி என்று நான் சொல்வது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைத்தான்.

இப்போது ஞானாம்பாளிடம் வருவோம். சத்தியபுரி என்ற ஊரில் செல்வமான தொண்டைமண்டல முதலியார் குடும்பம். கதை சொல்கிறவன் பிரதாபன். செல்லத்தில் ஊறி, படிப்பே வேண்டாம் என்கிற பையன். அவன் தப்புச் செய்தால் அவனுக்குப் பதில் கூடப் படிக்கும் கனகசபைக்கு அடி விழும். பணக்கார வீட்டுக் கல்வியை இதைவிட நறுக்கென்று யாரும் கிண்டல் செய்ததில்லை. சம்பந்தி முதலியாரின் மகள் ஞானாம்பாள் இவனுக்கு முறைப்பெண். அவள் படிப்பில் சூட்டிகை, பேச்சில் சூட்டிகை, நியாயத்தில் சூட்டிகை. கல்யாணம் கூடி வரும்போது தகப்பன்மாருக்குள் சண்டை. மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர், அது நடக்காது என்று பிள்ளையைப் பெற்றவர். ஒருவழியாகக் கல்யாணம் நடந்து, பின்னால் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்து, அவள் ஆண் வேடத்தில் அவனைத் தேடிக்கொண்டு விக்கிரமபுரிக்கு வருகிறாள். அரசன் இல்லாத அந்த ஊரில் யானை அவள் கழுத்தில் மாலை போடுகிறது. அரசனாகிறாள்.

அந்த ஊரில்தான் பிரதாபன் ஒரு செருப்பு வழக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கிறான். செருப்பைத் தைத்துக் கொடு, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்ன கூலி கொடுத்தாலும் 'எனக்குச் சந்தோஷம் வரவில்லை' என்கிறான் தைத்தவன். புது அரசர், அதாவது ஞானாம்பாள், அவனைக் கூப்பிட்டு, நான் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷம்தானே என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல முடியுமா? சந்தோஷம் என்றான். வழக்குத் தீர்ந்தது.

படிக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மரியாதை ராமன் கதை, தெனாலிராமன் கதை இரண்டுக்கும் இது சொந்தக்காரி. யானை மாலை போடுவதும் பாட்டி கதைதான். நாட்டுக்கதையில் புத்திசாலி முதலிலிருந்தே புத்திசாலி, முட்டாள் கடைசிவரை முட்டாள். மரியாதை ராமன் பக்குவப்பட்ட கதையை யாராவது சொல்லக் கேட்டிருக்கிறோமா? வேதநாயகம் பிள்ளை வசனத்தில் ஒரு புது வடிவத்தைக் கொண்டுவந்தார், அதற்குள்ளே வைத்த பெண்ணைத் திண்ணைக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் வீடு கட்டுகிறவன் கையிலிருக்கும் மரத்தைத்தானே போடுவான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இந்த ஹைதராபாத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குப் புலப்பட்டது என்று நினைக்கிறேன். பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு ஓய்வுபெற்ற தெலுங்கு டீச்சரம்மா இருக்கிறார். அவரிடம் ஞானாம்பாளைப் பற்றிச் சொன்னபோது, கந்துகூரி வீரேசலிங்கத்தின் 'ராஜசேகர சரித்ரமு'வைப் பற்றிச் சொன்னார். 1878-ல் வந்தது, கோல்ட்ஸ்மித்தின் 'விகார் ஆஃப் வேக்ஃபீல்டு' நாவலின் சாயலில் எழுதியது. ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு மொழியிலும் நாவல் பிறந்திருக்கிறது. உருதுவில் அதற்கும் முன்னால், 1869-லேயே, நஸீர் அஹமத் 'மிராத்துல் உரூஸ்' எழுதிவிட்டார். பின்னாளில் இதே ஹைதராபாத்தில் நிஜாம் அரசில் உயர்பதவி வகித்தவர். அதில் அக்பரி, அஸ்கரி என்று இரண்டு சகோதரிகள். அக்காள் அடாவடி, தங்கை அடக்கமும் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்தவள். அஸ்கரி வீட்டுக் கணக்கைச் சீர் செய்கிறாள், அக்கம்பக்கத்துப் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். அவளும் தப்பே செய்வதில்லை. மலையாளத்தில் 1889-ல் சந்து மேனனின் 'இந்துலேகா'. இங்கிலீஷும் சமஸ்கிருதமும் கற்ற அழகி, கிழட்டு நம்பூதிரியின் சம்பந்தத்தை உதறித் தள்ளுகிறவள். அவளும் பிறவியிலேயே பூரணம்.

மூன்று பேரையும் எழுதியவர்கள் யார்? வேதநாயகம் பிள்ளை முன்சீப். சந்து மேனனும் முன்சீப். நஸீர் அஹமத் டெபுடி கலெக்டராக இருந்தவர். தீர்ப்பும் உத்தரவும் எழுதிப் பழகிய கைகள்! அந்தக் காலத்தில் பெண் கல்வி என்பது ஊரே எதிர்த்து நின்ற ஒரு வழக்கு. படித்தால் கெட்டுப்போவாள், புருஷனை மதிக்க மாட்டாள், சோறு வடிக்க மாட்டாள் என்பது எதிர்த்தரப்பு வாதம். 'பெண்மதி மாலை' எழுதிய வேதநாயகம் பிள்ளை அந்த வழக்கில் ஞானாம்பாளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். பாருங்கள், இவள் படித்தாள், கெட்டாளா? நாட்டையே ஆண்டாள், புருஷனை மறந்தாளா? ஜெயிக்க வேண்டிய கேஸில் முக்கியச் சாட்சி தடுமாறலாமா? ஒரு தடவை குறுக்கு விசாரணையில் திணறினாலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் ஞானாம்பாளுக்குத் தப்புச் செய்யவே அனுமதி இல்லை. அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் போரடித்ததன் காரணம் இதுதான்.

காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டமே 1891-ல்தான் வந்தது, அதற்கும் எவ்வளவு எதிர்ப்பு! ஜேன் பதினெட்டு வயதில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, வருஷம் முப்பது பவுன் சம்பளத்துக்குத் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு ஆசிரியையாகப் போகிறாள். அதே வயதுத் தமிழ்ப் பெண் அப்போது ரெண்டு பிள்ளைக்குத் தாய், அல்லது மொட்டைத் தலையோடு அடுப்படியில். வளர்வதற்கு ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏற ஒரு பாதை வேண்டும். வேதநாயகம் பிள்ளைக்கு அந்தப் பாதையைக் காட்ட ஆண் வேடத்தைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை.

அங்கேதான் என் மனத்தாங்கல். ஞானாம்பாளுக்கு ராஜ்யம் கிடைப்பது தலைப்பாகைக்காக. அவள் ஞானாம்பாளாக அந்த ஊருக்குள் வந்திருந்தால் யானை என்ன செய்திருக்கும்? ஜேனுக்குக் கிடைப்பது முப்பது பவுன்தான், ஆனால் அது தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பாவாடையில் நின்று வாங்கியது. ராஜ்யத்தைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு ஞானாம்பாள் சத்தியபுரிக்கு வந்துவிடுகிறாள். அரசாண்ட பெண் மறுநாள் காலையில் கொல்லைப்புறம் போய் என்ன நினைத்தாள்? சிம்மாசனத்தில் உட்கார்ந்தபோது பயமாக இருந்ததா? பிடித்திருந்ததா? நாவல் அங்கே நிற்பதில்லை. நிற்க முடியாது, ஏனென்றால் 'நான்' என்று கதை சொல்கிறவன் பிரதாபன். அவள் பேசுவதெல்லாம் அவன் காது வழியாக நமக்கு வருகிறது. 'ஜேன் ஐர்' நாவலில் 'நான்' என்பவள் ஜேன். நம் நாவலில் யாராவது வளர்கிறார்கள் என்றால் அது பிரதாபன். படிப்பு வேண்டாம் என்று அடம்பிடித்த செல்லப்பிள்ளை, என்னைவிட என் மனைவி புத்திசாலி என்று பக்கம் பக்கமாக, கூச்சமே இல்லாமல் எழுதி வைக்கிறவனாக ஆகியிருக்கிறான். சும்மா சொல்லக் கூடாது, 1879-ல் அப்படி எழுத ஒரு ஆண்பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். இன்றைக்கும் அப்படிச் சொல்கிறவர்களை மல்லாபூரில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஜேனின் வளர்ச்சியில் எல்லாரும் பேசுவது ராச்செஸ்டர் விஷயத்தைத்தான். எஜமானன், ஏறக்குறைய இருபது வயது மூத்தவன். கல்யாண மேடையில், அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், மாடி அறையில் பைத்தியமாக அடைபட்டிருக்கிறாள் என்று தெரிகிறது. கூடவே இரு என்று அவன் கெஞ்சுகிறான். பார்ப்பதற்குக் கேட்பதற்கு உனக்கு யார் இருக்கிறார்கள் என்கிறான். யாரும் இல்லாததாலேயே என் மதிப்பை நானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து விடியுமுன் புறப்பட்டு விடுகிறாள். கையிலிருந்த சொற்பக் காசு வண்டிக் கூலிக்குப் போய்விட, மூட்டையையும் வண்டியில் மறந்துவிட்டு, பன்றிக்குப் போட வைத்திருந்த கூழை வாங்கிக் குடிக்கிறாள். விக்டோரியா காலத்துக் கதாநாயகி பசியால் பிச்சையெடுப்பதை இவ்வளவு பச்சையாக யார் எழுதினார்கள்? அழகான இடம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பின்னால் வரும் செயின்ட் ஜான் பகுதி. சுருக்கப் பதிப்புகளில் அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

செயின்ட் ஜான் ரிவர்ஸ் ஒரு பாதிரியார். பசியால் விழுந்து கிடந்தவளை வீட்டுக்குள் சேர்த்து, கிராமத்துப் பள்ளியில் வேலையும் கொடுத்தவர். பிறகு தன் சொந்த அத்தை மகன்தான் என்று தெரிகிறது. நல்லவர், அழகர், ஒழுக்கசீலர். இந்தியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறார். ஜேன் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். அதை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து ஹிந்துஸ்தானி படி என்கிறார். படிக்கிறாள்! நாம் மல்லாபூர் காய்கறிக் கடையில் தத்தளித்துக் கற்ற பாஷையை ஜேன் ஐர் இங்கிலாந்துக் குளிரில் உட்கார்ந்து கற்றிருக்கிறாள். பிறகு ஒருநாள், என் மனைவியாக இந்தியாவுக்கு வா, நீ அன்புக்காகப் படைக்கப்பட்டவளல்ல, உழைப்புக்காகப் படைக்கப்பட்டவள் என்கிறார். தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள் ஜேன். அவர் விடுவதில்லை. கோபப்படுவதும் இல்லை. கடவுள் பெயரைச் சொல்கிறார், கடமையைச் சொல்கிறார், குளிர்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவள் ஏறக்குறைய சரி என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறாள்.

கெட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல வீரம் போதும். ரீட் அத்தையிடம் பத்து வயதிலேயே சொல்லிவிட்டாள். காதலித்தவனிடம் சொல்ல இதயத்தைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதையும் செய்தாள். நல்லவர்களிடம், நமக்கு நன்மை செய்தவர்களிடம், நல்ல காரியத்துக்காகக் கேட்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? நம் பெண்களுக்குத் தெரிந்த கஷ்டம் இது. நான் பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் இருக்கும்போது கல்யாணம் நிச்சயமானது. யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. அப்பா தங்கமானவர். மாப்பிள்ளைக்கு மல்லாபூர்த் தொழிற்பேட்டையில் நிரந்தர வேலை. 'நல்ல இடம்மா, தட்டிப் போச்சுன்னா திரும்ப வருமா?' என்று எல்லாரும் அன்பாகச் சொன்னார்கள். எந்த வார்த்தையைச் சொல்லி அந்த அன்பை மறுப்பது? ஞானாம்பாளிடம் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அவளுடைய எதிரிகள் எல்லாம் கெட்டவர்கள், இல்லாவிட்டால் முட்டாள்கள். ஜேனிடம் பதில் இருக்கிறது. மனைவி என்ற பெயரில் என்னைக் கேட்கிறீர்கள், ஆனால் என்னை நேசிக்கவில்லை, அப்படி வந்தால் நான் சீக்கிரம் செத்துப்போவேன் என்று அவள் அந்த நல்லவரிடம் விளக்குகிறாள். சிவப்பு அறைச் சிறுமியின் கோபம் அங்கே இருக்கிறது, குரல்தான் வேறு.

ஜேனைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. மடேராவில் இருந்த சித்தப்பாவின் சொத்து இருபதாயிரம் பவுன் வந்து சேர்கிறது. அதை நாலாகப் பங்கிட்டு ஆளுக்கு ஐயாயிரம் என்று உறவினருக்குக் கொடுக்கிறாள், உயர்ந்த குணம்தான். ஆனாலும் நாவலாசிரியர் கொடுத்த அதிர்ஷ்டச் சீட்டு அது. யானை மாலை போட்டதைக் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மாடியில் அடைபட்ட பெர்த்தா ஜமைக்காவிலிருந்து வந்தவள். ஜேன் வாழ அவள் தீப்பற்றி எரியும் வீட்டின் கூரையிலிருந்து குதித்துச் சாக வேண்டியிருக்கிறது. அந்தப் பெர்த்தாவின் கதையை ஜீன் ரைஸ் 1966-ல் தனி நாவலாக எழுதினார். நம் காயத்ரி ஸ்பிவாக் 1985-ல் எழுதிய கட்டுரை, ஒரு பெண்ணின் வளர்ச்சிக்கு இன்னொரு பெண் விறகாவதைச் சுட்டிக்காட்டியது. நியாயமான கேள்வி. இந்தியாவையும் ஒரு புழுங்கும் சாவுக்குழியாகத்தான் நாவல் பார்க்கிறது. நாவலின் கடைசி வரிகளில் ஜேன் இல்லை என்பதும், இந்தியாவில் சாவை எதிர்பார்த்திருக்கும் செயின்ட் ஜானின் கடிதம்தான் இருக்கிறது என்பதும் எனக்கு இன்னும் புதிராகவே இருக்கிறது.

வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். விக்கிரமபுரியில் முதல் நாள் இரவு ஞானாம்பாள் என்ன நினைத்திருப்பாள், 'நான்' என்று ஆரம்பித்துப் பத்து வரி எழுதிவாருங்கள் என்றேன். 'போரடிக்குது' என்ற அதே பெண் எழுதியிருந்தாள்: தலைப்பாகை அரிக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஆனாலும் கழற்ற மனசு வரவில்லை. எழுத்துப்பிழை நாலைந்து இருந்தது. நான் திருத்தவில்லை.

தமிழ் நாவல் அந்த 'நான்' என்ற இடத்துக்கு வர அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் ராஜம் ஐயர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார், இருபது வயதை ஒட்டிய இளைஞர். பேச்சுத் தமிழ் அதில் துள்ளுகிறது. ஆற்றங்கரையில் கூடும் 'வம்பர் மகாசபை'யைப் படித்தால் நம் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுதான் ஞாபகத்துக்கு வரும். கமலாம்பாள் பிள்ளையைப் பறிகொடுக்கிறாள், அபவாதம் சுமக்கிறாள், கணவனைப் பிரிகிறாள். அத்தனை துன்பமும் அவளுக்கு, ஆனால் குருவைத் தேடி ஞானம் அடைவது முத்துஸ்வாமி ஐயர். பெயர் அவளுடையது, யாத்திரை அவருடையது. ஆனாலும் ஞானாம்பாளைவிட ஒரு படி மேல் என்பேன். இவளுக்கு வலிக்கிறது, அந்த வலி நமக்குத் தெரிகிறது.

அ. மாதவையா உப்பு இலாகா அதிகாரி. 1892-ல் அதே பத்திரிகையில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஆரம்பித்து, நின்றுபோய், பிறகு 1903-ல் 'முத்துமீனாக்ஷி'யாக வெளியிட்டார். ஒரு பிராமணப் பெண்ணின் சுயசரிதை என்ற உருவம். ஷார்லட் பிராண்டே ஆண்போல் ஒலிக்கும் பெயரில் பெண்ணின் சுயசரிதை எழுதினார், மாதவையா ஆணாக இருந்துகொண்டு பெண்ணின் 'நான்' எழுதினார். சின்ன வயதுக் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை, விதவைக் கோலம், கடைசியில் மறுமணம். விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது, வீரேசலிங்கம் 1881-ல் ராஜமுந்திரியில் நடத்தியும் காட்டிவிட்டார். தமிழ்க் கதைக்குள் அது வர இவ்வளவு காலம். கலை நயத்தில் 'முத்துமீனாக்ஷி' கொஞ்சம் மெலிந்த நூல்தான், பிரசங்க வாடை அடிக்கும். ஆனால் தன்னைப் பற்றித் தானே பேசுகிற பெண் தமிழில் அங்கே வந்துவிட்டாள்.

பெண்ணே எழுதியதைத் தேடினால் சென்னையில் கிருபாபாய் சத்தியநாதன் இருக்கிறார். அஹமத்நகரில் 1862-ல் பிறந்த மராத்தியக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், சென்னைக்கு வந்து 1878-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல் ஒத்துழைக்காமல் விட்டவர். அவரும் நம்மைப்போலப் பிறமொழி நிலத்தில் குடியேறியவர்தானே! 'சகுணா' என்ற தன்வரலாற்று நாவலையும் 'கமலா' என்ற நாவலையும் ஆங்கிலத்தில் எழுதினார். முப்பத்திரண்டு வயதில், 1894-ல், இறந்துபோனார். 'சகுணா'வில் அண்ணன் கொடுத்த புத்தகங்களால் விழித்துக்கொள்ளும் பெண், பள்ளியில் மனம் புண்படும் பெண், படிப்பைவிட முடியாமல் தவிக்கும் பெண். ஜேனோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாம்.

'கமலா'வின் முடிவைப் பற்றித்தான் எனக்கும் பக்கத்து ஃப்ளாட் டீச்சரம்மாவுக்கும் தீராத வாக்குவாதம். விதவையான கமலாவிடம், சின்ன வயதிலிருந்து அவளை நேசித்த ராம்சந்தர் வந்து கல்யாணம் செய்துகொள் என்கிறான். நல்லவன். அவளுக்கும் பிரியம் இருக்கிறது. அவள் மறுத்துவிட்டு, தன் சொத்தை ஆதரவற்றோருக்குச் செலவிட்டு வாழ்ந்து முடிகிறாள். "பழைய சம்பிரதாயம் அவளை விடவில்லை, அவ்வளவுதான். வீரேசலிங்கம் பந்துலுகாரு பார்த்திருந்தா வருத்தப்பட்டிருப்பாரு" என்கிறார் டீச்சரம்மா. சம்பிரதாயம் ஒரு பாதிதான் என்பது என் பக்கம். அதுவரை அவளுக்கு நடந்ததெல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தது, வேண்டாம் என்று அவள் வாயால் சொன்ன முதல் வார்த்தை இது. சரியான இடத்தில் சொன்னாளா என்பதில்தான் இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. போன வாரம் அவர் மறுபடி அந்தக் கடைசி அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.